நெஞ்சு இறுகுகிறது என்று அன்றே சொல்லியிருக்கலாம்

போன மாதம் ஓர் இளம் நர்ஸ் என்னிடம் வந்து, வெளிநாட்டில் நிவாரண வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், போகலாமா அக்கா என்று கேட்டாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2010இல் கரீபியன் தீவு நாடான ஹைட்டிக்குக் கிளம்பியபோது எனக்கு யாரும் சொல்லாத சிலவற்றை அவளுக்கு இரண்டு மணி நேரம் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு 31 வயது. நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்திருந்தேன். சுனாமியின்போது குளச்சல் பக்கம் முகாம்களில் இரண்டு மாதம் இருந்திருந்தேன். அதை வைத்துத்தான் ஒரு நிவாரண அமைப்பு ஓராண்டு ஒப்பந்தத்தில் என்னை எடுத்தது. 2010 ஜனவரி 12 மாலை 4.53 மணிக்கு வந்த நிலநடுக்கத்தில் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் நொறுங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. மையம் தலைநகருக்கு மேற்கே லெயோகான் ஊருக்குப் பக்கத்தில், அளவு 7.0. சுமார் பதினைந்து லட்சம் பேர் வீடிழந்து தார்ப்பாய்க்கும் துணிக்கும் கீழே கிடந்தார்கள். பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசு வழியாகத் தரைமார்க்கமாகப் போனேன். எங்கள் கிளினிக் ஒரு கால்பந்து மைதானத்து முகாமின் ஓரத்தில், கூடாரத்தில் நடந்தது.

என்னோடு வேலை செய்த உதவி நர்ஸ் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சில வருடம் பஹாமாஸில் இருந்ததால் ஆங்கிலம் பேசுவார். என்னை ‘தி ஸே’ என்பார், தங்கச்சி என்று அர்த்தம். தன்னைக் ‘கோமே’ என்று கூப்பிடச் சொன்னார். பிள்ளையைப் பெற்றவளும் அந்தப் பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றவளும் ஒருவரை ஒருவர் அழைக்கும் முறை அது. மனத்துக்கு நெருங்கிய பெண்களும் அப்படிக் கூப்பிட்டுக்கொள்வார்கள். நிலநடுக்கத்தில் தன் பதினேழு வயது மகளை இழந்தவர் அவர் என்பது எனக்குத் தெரியவே மூன்று வாரம் ஆயிற்று.

ஒரு நாளைக்கு நூறு பேருக்கு மேல் வருவார்கள், பெரும்பாலும் பெண்கள். தலைவலி, வயிற்றெரிச்சல், படபடப்பு, உடம்பெல்லாம் வலி. பாரசிட்டமாலும் வயிற்றெரிச்சல் மாத்திரையும் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தேன். அதே பெண்கள் அடுத்த வாரமும் வந்து நின்றார்கள். ‘நெஞ்சுவலி’ என்று மொழிபெயர்ப்பாளர் சொல்வார், ஸ்டெத்தை வைத்துக் கேட்பேன், ஒன்றும் இருக்காது. ஒருநாள் கோமே என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவர்கள் சொன்னது இதுவல்ல என்றார். அவர்கள் சொன்ன சொல் ‘கே ஸெரே’. அவர்கள் பேசும் கிரியோல் மொழியில் இதயம் இறுகிவிட்டது என்று பொருள். அப்போதுதான் உறைத்தது. நம் வீட்டில் அம்மா ‘நெஞ்சை அடைக்கிறது’ என்று சொல்லும்போது யாராவது ஈ.சி.ஜி. எடுக்க ஓடுகிறோமா? அப்பாவோடு ஏதோ பேச்சு, அல்லது கடன்காரன் வந்துபோனான் என்று நமக்குத் தெரியும். அவர்கள் தங்கள் மொழியில் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். கேட்கத் தெரியாதவள் நான்.

அதன்பிறகு கோமே ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொடுத்தார். ‘தெத் ஷாஜே’ என்றால் தலையில் சுமை ஏறிவிட்டது. ‘ரெஃப்லெஷி த்வோப்’ என்றால் யோசனை ஓயவே மாட்டேன் என்கிறது. ‘ஸெஸிஸ்மான்’ என்பது திடீர் அதிர்ச்சி. கெட்ட செய்தியோ பயமோ தாக்கியதும் ரத்தம் தலைக்கு ஏறிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கு உப்புப் போட்ட கடுங்காப்பி கொடுப்பார்கள். தூக்கம் வராதவளுக்கு முள்சீத்தா இலை போட்டுக் கொதிக்கவைத்த நீர். நிலநடுக்கத்தைக்கூட அவர்கள் பெயர் சொல்லிப் பேசவில்லை, ‘குதுகுது’ என்றார்கள். பூமி அதிர்ந்தபோது கேட்ட சத்தம் அது. ‘மனச்சோர்வு இருக்கிறதா’ என்று நான் கேட்டபோது ஒரு பெண்கூட ஆமாம் என்று சொன்னதில்லை. ‘தலை பாரமாக இருக்கிறதா, இரவில் யோசனை ஓயவில்லையா’ என்று கேட்டதும் பாதிப் பேர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். முகாம் வேலைக்குப் போகிறவர்களுக்கு என் முதல் சொல் இதுதான்: போய் இறங்கிய வாரமே அந்த ஊர்ப் பெண்கள் வேதனைக்கு என்னென்ன சொற்கள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மருந்துப் பெட்டியைவிட அந்த நோட்டு எனக்கு அதிகம் உதவியது.

ஒரு தவறை மறைக்காமல் சொல்ல வேண்டும். மே மாதம், இரண்டு மாதக் குழந்தையோடு ஓர் இளம் தாய் வந்தாள். பால் கெட்டுவிட்டது, அதனால் கொடுப்பதை நிறுத்திவிட்டேன் என்றாள். அதிர்ச்சியில் தாயின் ரத்தம் கெட்டுப்போய்ப் பாலும் கெட்டுவிடும் என்பது அங்கே ஆழமான நம்பிக்கை. ‘லெத் காத்தே’ என்பார்கள். நான் அதட்டினேன். படித்தவள் என்ற திமிரோடு, அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது, போய்க் கொடு என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மறுவாரம் குழந்தை வயிற்றுப்போக்கில் துவண்டு வந்தது. யாரோ கொடுத்த பால்பவுடரை முகாம் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருந்தாள். பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்த மூன்று இரவுகளை நான் மறக்கவில்லை. அவளை உட்காரவைத்துக் கோமே பேசியது முற்றிலும் வேறு மாதிரி: “உனக்கு ஸெஸிஸ்மான் பிடித்தது உண்மைதான். யார் போனார்கள்? சொல்.” அவள் தன் அம்மாவைப் பற்றி அழுது முடித்தபின், குழந்தையை மார்பில் போடு, அடைபட்டது இறங்கும் என்றார். மருத்துவமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. அதிர்ச்சியில் பால் கெடாது, ஆனால் சுரந்த பால் இறங்கி வருவது தடைபடும். குழந்தை சப்பச் சப்ப மறுபடி வரும். தாய்மார் உட்கார்ந்து பாலூட்டவென்றே அப்போது போர்ட்-ஓ-பிரின்ஸ் முகாம்களில் தனிக் கூடாரங்கள் போட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணை அங்கே சேர்த்தோம். நம்பிக்கையை அடித்து உடைத்துவிட்டு அறிவுரை சொன்னால், எதிரே இருப்பவள் தலையைத்தான் ஆட்டுவாள்.

அந்தப் பெண்கள் எப்படித் தாங்கினார்கள் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். மதியம் மூன்று மணிக்குமேல் முகாமில் நடந்தால் கூடாரத்துக்குக் கூடாரம் ஒரு பெண் தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், இன்னொருத்தி அவள் முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து தலையைக் கொடுத்திருப்பாள். பின்னல் முடிய இரண்டு மணி நேரமாவது ஆகும். கோமேயிடம் இரண்டு பல் உடைந்த மஞ்சள் சீப்பு ஒன்று இருந்தது. அதன் முனையால் உச்சியில் நேர்கோடு கீறி, வகிடு எடுத்து, எண்ணெய் தொட்டுப் பின்னத் தொடங்குவார். பின்னப்படுகிறவள் பேசத் தொடங்குவாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. சொல்ல முடியாததைச் சொல்லும்போது பின்னுகிற கை மட்டும் ஒரு நொடி நின்று மறுபடி ஓடும். நாங்கள் ஆலோசனைக்கென்று ஒரு மேசை, இரண்டு நாற்காலி, எதிரெதிரே போட்டு வைத்திருந்தோம். அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு அந்த மேசையை எடுத்துவிட்டுப் பெண்களோடு பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கப் பழகினேன்.

இன்னொன்று ‘ஸோல்’. நம்முடைய சீட்டேதான். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வாரம் ஒரு தொகை போட்டு, முறை வைத்து ஒருத்தி மொத்தமாக எடுப்பாள். சந்தையில் சில்லறை வியாபாரம் செய்யும் பெண்களுக்கு அதுதான் மூலதனம். கோமேயின் ஸோலில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், ஜனவரிக்குப்பின் எட்டுப் பேர். இறந்தவர்களில் இருவருக்கு முறை இன்னும் வந்திருக்கவில்லை. மற்றவர்கள் கூடிப் பேசி, அவர்கள் போட்டிருந்த பணத்தை அவர்களின் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். எல்லாருமே தார்ப்பாய்க்குக் கீழே இருந்த நேரம் அது. வாரம் ஒருமுறை பணம் வாங்க வரும்போதே ஒருத்தி சாப்பிட்டாளா, தூங்கினாளா, ஏன் வரவில்லை என்று தெரிந்துவிடும். மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்டில், அரசு மனநல மருத்துவமனைகள் அப்போது இரண்டே இரண்டு, இரண்டும் தலைநகரிலும் அதன் பக்கத்திலும். அந்த நிலைமையில் ஒரு பெண் காணாமல்போனால் முதலில் தேடியது ஸோல்காரிகள்தான்.

துக்கத்தையும் அப்படித்தான் கடந்தார்கள். அங்கே இறப்பு நடந்தால் இரவெல்லாம் காப்பி, பாட்டு, கதை, டோமினோ ஆட்டம் என்று ஊர் கூடி விழித்திருக்கும். ஒன்பது நாள் ஜெபத்தின் முடிவில் ‘தெனியே ப்ரியே’ என்ற கடைசி ஜெபம் நடக்கும். நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கான உடல்களை நகரத்துக்கு வடக்கே தித்தான்யேன் என்ற இடத்தில் மொத்தமாகப் புதைத்துவிட்டார்கள். கோமேயின் மகளும் அங்கே இருக்கலாம், உறுதியில்லை. ஜூன் மாதம், உடல் இல்லாமலே மகளின் பள்ளிச் சீருடையைக் கட்டிலில் விரித்து வைத்து ஜெபம் நடத்தினார். சுற்றி உட்கார்ந்த பெண்களில் கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தேகாரர், வூடு என்ற அந்நாட்டுப் பாரம்பரிய வழிபாட்டுக்காரர் எல்லாரும் இருந்தார்கள். அந்த ஒரு இரவுக்கு அது பொருட்டாகவே இல்லை. மறுநாள் காலை கோமே முதல்முறையாக முழுத் தட்டுச் சோறு சாப்பிட்டதைப் பார்த்தேன்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு பயமும் எனக்கு இருக்கிறது. படித்துவிட்டு, ஆஹா எவ்வளவு மன உறுதி என்று யாரும் நகர்ந்துவிடக் கூடாது. அங்கே பெண்ணை ‘போத்தோ மித்தான்’ என்பார்கள், வூடு கோயிலின் நடுத்தூண். புகழ்ச்சிதான். ஆனால் கோமேக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே கோபம் வரும். பலசாலி என்று சொல்லிவிட்டால் கொடுக்க வேண்டியதைக் குறைத்துவிடலாம் என்பார். கூடிப் பேசியும் பாடியும் தீராதவை இருந்தன. இரவில் வெளிச்சமில்லாத முகாம்களில் நடந்த பாலியல் வன்முறை அதில் முதலாவது. ஒருநாள் பதினாறு வயதுப் பெண்ணை வயிற்றுவலி என்று சித்தி கூட்டி வந்தாள். தனியாகக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. உண்மை தெரிந்தபோது ஐந்தாம் நாள் தாண்டிவிட்டது. இதை எல்லா நர்ஸும் எல்லாத் தாயும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரையை 120 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நடந்ததை முழுக்கச் சொல்லவைக்க வேண்டியதில்லை, மருந்துக்குத் தேவையானது தெரிந்தால் போதும். ஹைட்டியில் வன்புணர்ச்சி ஒரு பெண்ணுக்கு எதிரான குற்றமாகச் சட்டத்தில் ஏறியதே 2005இல்தான். அதற்குப் போராடிய மீரியம் மெர்லே, மகாலி மார்செலின், ஆன் மாரி கோரியோலான் மூவரையும் அந்த நிலநடுக்கம் ஒரே நாளில் கொண்டுபோய்விட்டது. அவர்கள் விட்ட இடத்தில், ‘கோஃபாவிவ்’ என்ற அமைப்பாகத் திரண்டிருந்த, வன்முறைக்கு ஆளாகித் தப்பிய பெண்களே முகாம் முகாமாக விசிலும் டார்ச்சும் கொடுத்தார்கள். ராத்திரி கழிப்பறைக்குப் போகும் பெண்கள் கழுத்தில் அந்த விசில் தொங்கும்.

இனி என் கதை. அக்டோபரில் அந்த நாட்டில் காலரா பரவியது. ஆர்ட்டிபோனைட் பகுதியில் ஒரு சிகிச்சை மையத்துக்கு என்னை அனுப்பினார்கள். நடுவில் ஓட்டை வெட்டிய கட்டில்கள், கீழே வாளி, எங்கும் குளோரின் நெடி. ஒரே இரவில் இருபது பேருக்கு ஊசி போட்டுச் சலைன் ஏற்றுவோம். ஒரு நள்ளிரவில் ஒரு பாட்டிக்குச் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த இளம்பெண் அதற்குள் போய்விட்டாள். அவள் கை என் சேலைத் தலைப்பைப் போல என் கவுனின் நாடாவைப் பிடித்தபடி இருந்தது. எப்போது பிடித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. நவம்பர் கடைசியில் தலைநகருக்குத் திரும்பியதும் கோமே என் முகத்தைப் பார்த்து, உனக்கு ஸெஸிஸ்மான் என்று சொல்லி உப்புக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். எனக்கு ஒன்றுமில்லை என்று கப்பைத் திருப்பிக் கொடுத்தேன். எட்டு மாதமாக நூற்றுக்கணக்கான பெண்களிடம் நெஞ்சு இறுகுகிறதா என்று கேட்டவள் நான்.

டிசம்பரில் தேர்தல் முடிவை ஒட்டிக் கலவரம், விமான நிலையம் மூடல். அது திறந்ததும் ஒப்பந்தம் முடிய நாலு மாதம் இருக்கும்போதே கிளம்பிவிட்டேன். பாதியில் விலகினால் திரும்பும் டிக்கெட் என் செலவு என்று ஒப்பந்தத்தில் இருந்ததை நான் படித்திருக்கவில்லை. 74,000 ரூபாய். ஓராண்டு முடித்தால் தருவதாக இருந்த 2,000 டாலரும் போயிற்று. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் மூன்று விஷயம் கேளுங்கள்: கட்டாய விடுப்பு எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, மனநல ஆலோசனைக்கு யார் பணம் கொடுப்பார்கள், ஊர் திரும்பியபின்னும் அது எத்தனை மாதம் கிடைக்கும். பதில் எழுத்தில் வர வேண்டும்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனநல மருத்துவரிடம் போனது வெளியே தெரிந்தால் என்னாகும் என்ற பயம். தெருச் சாக்கடையில் பிளீச்சிங் பவுடர் தூவினால் எனக்கு மூச்சு முட்டும். மாரடைப்பு என்றே நம்பினேன். ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோப்பி, தலைக்கு ஸ்கேன் என்று தனியார் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்து 41,000 ரூபாய் செலவழித்தேன். எல்லாம் நார்மல். இரண்டு இடத்தில் வேலைக்குச் சேர்ந்து வார்டுக்குள் நுழைய முடியாமல் நின்றுவிட்டேன். இப்படிப் பதினான்கு மாதம் சம்பளமில்லாமல் போனது. அம்மா ஒரு வெள்ளிக்கிழமை ஓதிய தண்ணீர் வாங்கிவந்து தெளித்தார். அன்று எரிந்து விழுந்தேன். என் மகளுக்கு ஏதோ பயம் பிடித்திருக்கிறது என்று அவர் கண்டுபிடித்திருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது.

2012 ஜனவரி 12 இரவு கோமே போனில் அழைத்தார். இரண்டாம் ஆண்டு நினைவு நாள். அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் எடுத்த எடுப்பில் கேட்டது, “தி ஸே, கே வூ ஸெரே?” உன் நெஞ்சு இறுகுகிறதா? நான் ‘வீ’ என்றேன். ஆமாம். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது, பிறகு அழுகை. அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கும்வரை அவர் பக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில், அங்கே உங்களிடம் டாக்டர் இருக்கிறார்களே, ஏன் போகவில்லை என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வாரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அக்காவோடு போனேன். சீட்டும் இலவசம், மாத்திரையும் இலவசம். மாத்திரை வேலை செய்ய மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. முதல் வாரத்திலேயே பலனில்லை என்று நான் நிறுத்தப் பார்த்தேன், அக்கா விடவில்லை. குணமானதும் நாமாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவர் சொல்லும் கணக்கில் குறைக்க வேண்டும். உடம்புக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தைராய்டும் ரத்தச்சோகையும் இதே மாதிரி ஆட்டிவைக்கும். அது சரியாக இருந்தால் அதே டெஸ்டை வேறு இடத்தில் திரும்ப எடுக்காதீர்கள். இப்போது 14416 என்ற டெலிமானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எனக்கு அன்று அது இல்லை. ஆனால் பக்கத்து அறையில் அக்கா இருந்தாள். அவளிடமும் நான் சொல்லவில்லையே. மார்ச் மாதம் மறுபடி வேலைக்குப் போனேன், முதல் ஆறு மாதம் பகல் பணி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு.

கோமே தலைநகரில் இப்போது இல்லை. ஆயுதக் கும்பல்கள் தெருத்தெருவாகப் பிடித்துக்கொண்டதில், 2025 தொடக்கத்துக்குள் அந்த நாட்டில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வீட்டைவிட்டு ஓடியிருந்தார்கள், அவரும் அதில் ஒருவர். வடக்கே காப் ஹைட்டியன் நகரில் ஸோல்காரி ஒருத்தியின் வீட்டில் இருக்கிறார். அந்த மஞ்சள் சீப்பை எடுத்துவர மறந்துவிட்டேன் என்று சொல்லி அழுதார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார், பின்னால் சேவல் கூவும். போன வாரமும் கேட்டார், எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று. ஐந்தரை என்றேன். குறைவு, நாளைக்கும் பேசு என்றார்.